ரெசிஸ்டருக்கு வந்த ஞாபகம்

பிப்ரவரி 4

அன்புள்ள சில்லுவுக்கு,

நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நீ எத்தனை மணிக்கு எழுந்தாய், எந்த மருத்துவமனைக்கு எடை மெஷின் பழுது பார்க்கப் போனாய் என்பது வரை உன் அண்ணன் தினமும் போனில் ஒப்பித்துவிடுகிறார். நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. அது சொல்லாமலே தெரிகிறது.

நான் ஆராய்ச்சிக்காக இங்கே வந்த எட்டு மாதத்தில் நாம் மூன்று முறை போனில் பேசினோம். மூன்று முறையும் இரண்டாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் போனை வைத்துவிட்டோம். "எழுதிப் போடுங்க. காகிதத்துல யாரும் குறுக்க பேச முடியாது" என்றார் உன் அண்ணன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர் சொன்ன உருப்படியான யோசனைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று.

எனக்கு ஓர் உதவி வேண்டும். என் ஆராய்ச்சி உனக்கு அரைகுறையாகத் தெரியும். நரம்புச் செல்லை ஒரே அளவாகத் தூண்டிக்கொண்டே இருந்தால், முதலில் படபடவென்று துடிக்கும், பிறகு மெல்ல மெல்லத் தளரும். அந்தத் தளர்ச்சி சாதாரணச் சமன்பாட்டில் அடங்காது. பழைய தூண்டுதல்களையெல்லாம் அது கொஞ்சம் கொஞ்சம் ஞாபகம் வைத்திருக்கிறது. அதை எழுதப் பின்ன வரிசை வகைக்கெழு வேண்டும், அதாவது முழுத் தடவையாக இல்லாமல் பின்னத் தடவை வகையிடுவது. வரிசை பூஜ்யம் என்றால், கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்லும். ஒன்று என்றால், மாற்றம் வந்த நேரத்தில் மட்டும் குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். என் செல்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. இருநூறு செல் அளந்தாயிற்று. சராசரி 0.31.

ஏப்ரல் 24 அன்று ஆய்வுக் குழு முன்னால் இதைச் சொல்ல வேண்டும். அவர்கள் சரி என்றால் பட்டம். இல்லையென்றால் இரண்டு வருஷம் வேலை பார்த்துக்கொண்டே படித்த பிறகு நம் ஊர்க் கல்லூரி கொடுத்த ஒரு வருஷ லீவு ஜூனில் முடிகிறது, மூட்டையைக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு வர வேண்டியதுதான். நாற்பத்து மூன்று வயதில் இன்னொரு முறை யாரும் லீவு தரமாட்டார்கள்.

எங்கள் கருவி சரியாகத்தான் அளக்கிறது என்பதற்குக் குழு சான்று கேட்கும். 0.31 வரிசை கொண்ட ஒரு மின்சுற்றைப் பெட்டியில் வைத்துத் தந்தால், அதைக் கருவியில் மாட்டி அதே எண் வருகிறது என்று காட்டிவிடுவேன். இங்கே செய்து தர ஆளில்லை. நீ செய்வாயா?

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

"அன்புள்ள" போடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பெட்டி இந்தப் பார்சலிலேயே இருக்கிறது. நீங்கள் எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். "ஒரு தடவை வகையிட்டா வேகம். ரெண்டு தடவை வகையிட்டா முடுக்கம். 0.31 தடவைன்னா என்ன, சாப்பிட உட்கார்ந்து பாதியில கை கழுவுறதா?" என்று கேட்டான். எனக்கும் முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு என் பாஷையில் யோசித்துப் பார்த்தேன். ரெசிஸ்டருக்கு ஞாபகமே கிடையாது. இந்த நொடி என்ன வருகிறதோ அதற்குத்தான் பதில். கெப்பாசிட்டர் வந்த மின்சாரத்தையெல்லாம் ஒன்று விடாமல் சேர்த்து வைத்திருக்கும், நேற்று வந்ததும் இன்று வந்ததும் அதற்கு ஒன்று. நீங்கள் கேட்பது இரண்டும் கலந்த ஒரு ஜாதி. புதியதை நன்றாக நினைவில் வைக்கும், பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், முழுதாக மறக்காது. அண்ணனிடம் சொன்னேன். "இதுக்கா மூணு வருஷப் படிப்பு? உங்க அண்ணி கோபமே அப்படித்தானே" என்றான்.

அப்படிப்பட்ட பொருள் கடையில் கிடைக்காது. பதினான்கு ரெசிஸ்டரும் பதினான்கு கெப்பாசிட்டரும் ஏணிப் படி மாதிரி அடுக்கினேன். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு கால அளவைப் பிடித்துக்கொள்கிறது. எல்லாம் சேர்ந்தால் 0.31. ஒவ்வொன்றையும் அளந்து பொறுக்கி வைத்திருக்கிறேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போயிற்று, அதைச் சொல்லிக்காட்டவில்லை, தெரிந்துகொள்ளுங்கள் என்று எழுதுகிறேன்.

கூடவே இன்னொரு சின்னப் பெட்டி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர், ஒரே ஒரு கெப்பாசிட்டர். முதல் கணத்திலேயே கெப்பாசிட்டர் நிரம்பிவிடும், பிறகு ரெசிஸ்டர் மட்டும்தான், அதனால் இது பூஜ்யம் காட்ட வேண்டும். இரண்டு பெட்டியையும் கருவியின் பின்னால் நேராக மாட்டாதீர்கள். செல்லைத் தூண்டுகிறீர்களே அந்த உலோக ஊசி, அதை உப்புத் தண்ணீரில் முக்கி, அது வழியாக மாட்டிப் பாருங்கள். எங்கள் பட்டறையில் எடை மெஷினை போர்டில் மட்டும் சோதித்துவிட்டு "சரி" என்று சீட்டு ஒட்டமாட்டோம். தட்டில் கல்லை வைத்துத்தான் பார்ப்போம்.

சில்லு


பிப்ரவரி 28

அன்புள்ள சில்லுவுக்கு,

உன் ஏணி அற்புதம். கருவியில் மாட்டினேன், 0.308 வந்தது. என் ஆய்வு வழிகாட்டி மேடம் பார்த்துவிட்டு, "யாரு செஞ்சது? நல்ல கையா இருக்கே" என்றார். எங்கள் வீட்டுக் கை என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது.

சின்னப் பெட்டியை மாட்டவில்லை. நேரமில்லை. அத்தியாயம் நான்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்குள் உப்புத் தண்ணீர் கரைத்து விளையாட முடியாது. இந்த ஊசிகள் இங்கே பல வருஷமாகப் பயன்படுபவை. கேட்டதைச் செய்துவிட்டுக் கேட்காததையும் ஒன்று கூடச் செய்வாயே, அந்தப் பழக்கம் உன்னை விட்டுப் போகாது போல. பெட்டி இப்போது என் மேஜையில் காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் நன்றி.

விடுதி அறையில் ஜன்னலைத் திறந்தால் சைக்கிள் நிறுத்தம் தெரிகிறது. பக்கத்து அறைப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது. என்னை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், சென்ற வாரம் ஒரு தொகையீட்டைப் போட்டுக் காட்டியதிலிருந்து "அக்கா" என்கிறாள். வயது இறங்கிக்கொண்டிருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்கிறேன்.

அண்ணி


மார்ச் 8

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்தேன். இது ஐந்தாவது. இதையும் கிழிப்பதற்குள் போஸ்ட் செய்துவிட வேண்டும்.

நீங்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, எப்படி அளக்கப் போகிறீர்கள் என்று ஊறுகாய் பாட்டிலையும் கரண்டியையும் வைத்து அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தீர்கள். உலோக ஊசியில் ஒரே அளவு வோல்ட்டேஜ் கொடுப்போம், செல் தளரும், அதை அளப்போம் என்றீர்கள். எனக்கு அந்த நிமிஷமே உறுத்தியது. உலோகம் உப்புத் தண்ணீரைத் தொடுகிற இடத்தில் ஒரு மெல்லிய படலம் உட்காரும். அதுவே ஒரு கெப்பாசிட்டர் மாதிரி, ஆனால் சுத்தமான கெப்பாசிட்டர் இல்லை. நீங்கள் தேடுகிற அதே கலப்பு ஜாதி. வோல்ட்டேஜ் ஒரே அளவாக இருந்தாலும், ஊசி வழியாகப் போகிற மின்சாரம் தானாகவே மெல்ல மெல்லக் குறையும். அப்போது தளர்வது செல்லா, ஊசியா?

"அண்ணி, அந்த ஊசி" என்று ஆரம்பித்தேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரிப்பேர் வேற, ஆராய்ச்சி வேற சில்லு. எல்லாத்துலயும் மூக்கை நுழைக்காதே" என்றீர்கள். அண்ணன் சிரித்தான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

ரோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன் அண்ணி. கேட்டால் சொல்லலாம், கேட்காதவருக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று. முதல் மாதம் அது எனக்கு இனிப்பாகக்கூட இருந்தது. அப்புறம் நூறு செல் ஆயிற்று, நூற்றைம்பது ஆயிற்று என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் உங்களுக்கு எழுதத் தாளை எடுப்பேன், திரும்ப வைத்துவிடுவேன். சொல்லவும் முடியவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்? நீங்களே பெட்டி கேட்டு எழுதியதும் தப்பித்தோம் என்றிருந்தது. அதனால்தான் சின்னப் பெட்டி. அதையும் பேப்பர் மேல் வைத்துவிட்டீர்கள்.

என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். தப்பாக இருந்தால் நான்தான் முதலில் சந்தோஷப்படுவேன். ஒரு மணி நேர வேலை. தயவுசெய்து பாருங்கள்.

சில்லு


மார்ச் 17

சில்லு,

பார்த்தேன்.

உப்புத் தண்ணீரில் ஊசியை முக்கி, உன் சின்னப் பெட்டியை மாட்டி, வழக்கம்போல வோல்ட்டேஜ் கொடுத்தேன். உள்ளே ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர். பூஜ்யம் வர வேண்டும். 0.19 வந்தது. ஊசியை மாற்றினேன். 0.19. உப்பை மாற்றினேன். 0.2. மொத்தம் ஒன்பது ஊசி. உயிரே இல்லாத ஒரு ரெசிஸ்டர் என் நரம்புச் செல் மாதிரி நடந்தவற்றை நினைவு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

மேடத்திடம் சொன்னேன். அவர் எண்களை இன்னொரு முறை பார்த்தார். "குழுவில யாரும் இதைக் கேட்க மாட்டாங்க. ஆனா உனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றார். அவ்வளவுதான்.

ஒன்பது மாதம். இருநூறு செல். நீ ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் உன் வாயை அடைத்தேன், உண்மைதான். ஆனால் நீ என் கழுத்தைப் பிடித்தாவது சொல்லியிருக்க வேண்டாமா? நான் யாரோ மூன்றாவது மனுஷியா? உன்மேல் வரும் கோபத்தைவிட என்மேல் வரும் கோபம் அதிகமாக இருக்கிறது. அதனால் இரண்டையும் எழுத முடியவில்லை.

அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

போட்டுவிட்டேன், பாருங்கள்.

நீங்கள் திட்டியது எல்லாம் சரி. ஒன்றுக்கும் பதில் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். பட்டறையில் சேர்ந்த புதிதில், மகப்பேறு வார்டுக்குப் போகிற எடை மெஷின் ஒன்றை நான் போர்டில் மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டு ஒட்டிவிட்டேன். தட்டு பக்கத்துச் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது. நான்கு நாள் எல்லாக் குழந்தைகளும் நாற்பது கிராம் குறைவு. தாய்மார்கள் பயந்துபோனார்கள். முதலாளி என்னைத் திட்டவில்லை. "போய் அந்த நாலு நாள் புஸ்தகத்தை வாங்கி, ஒவ்வொரு பிள்ளைக்கும் நாற்பது கூட்டி எழுதிட்டு வா" என்றார். வார்டில் உட்கார்ந்து எழுதினேன். அன்றிலிருந்துதான் தட்டில் கல் வைக்காமல் எதையும் நம்புவதில்லை.

இந்தப் பார்சலில் ஒரு பெட்டி. இது வோல்ட்டேஜைப் பிடித்துவைக்காது, மின்சாரத்தைப் பிடித்துவைக்கும். ஊசி எவ்வளவு முரண்டு பிடித்தாலும், அதற்குத் தக்கபடி வோல்ட்டேஜை ஏற்றிக்கொடுத்து, செல்லுக்குப் போய்ச் சேருவதை ஒரே அளவில் வைக்கும். முதலில் சின்னப் பெட்டியோடு மாட்டுங்கள். பூஜ்யம் வர வேண்டும். அப்புறம் செல்.

இரண்டு ராத்திரி தூங்காமல் செய்தேன் என்று அண்ணன் சொல்லுவான். நம்பாதீர்கள். ஒரு ராத்திரிதான். இன்னொரு ராத்திரி அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோனதால், பொங்கினதைத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

பயமாக இருக்கிறது அண்ணி. செல்லிலும் பூஜ்யம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

சில்லு


ஏப்ரல் 9

அன்புள்ள சில்லுவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. அண்ணனையும் கூப்பிட்டு உட்கார வை.

சின்னப் பெட்டி: பூஜ்யம். அப்புறம் செல். முதல் செல்லை மாட்டினேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். துடித்தது, துடித்தது, தளர ஆரம்பித்தது. தளர்ந்தது சில்லு. மின்சாரம் இம்மியும் குறையவில்லை, செல் தானாகத் தளர்ந்தது. 0.12. அடுத்தது 0.13. அடுத்தது 0.11. பத்து நாளில் நாற்பது செல் அளந்துவிட்டேன். சராசரி 0.12. செல்லுக்கும் நிஜமாகவே ஞாபகம் இருக்கிறது. நான் நினைத்ததைவிடக் குறைவு, அவ்வளவுதான்.

இன்னொன்று கேள். இதை உனக்குச் சொல்லத்தான் துடித்துக்கொண்டிருக்கிறேன். பின்ன வகைக்கெழுவில் ஒரு விதி இருக்கிறது. ஒன்றை 0.19 தடவை வகையிட்டு, வந்ததை இன்னொரு 0.12 தடவை வகையிட்டால், மொத்தம் 0.31 தடவை வகையிட்டதற்குச் சமம். வரிசைகள் கூடும். ஊசி முதலில் ஒரு பங்கை எடுக்கிறது, செல் அடுத்த பங்கை எடுக்கிறது. நான் ஒன்பது மாதம் அளந்தது பொய் இல்லை. இரண்டு பேர் பங்கையும் சேர்த்து ஒருத்தர் தலையில் எழுதிவிட்டேன். பழைய இருநூறு செல்லிலிருந்தும் ஊசியின் 0.19-ஐக் கழித்தேன், ஒவ்வொன்றாக, உன் முதலாளி உன்னைப் பிள்ளைகளுக்கு நாற்பது கூட்டச் சொன்ன மாதிரி. புதிய நாற்பது செல்லோடு அப்படியே பொருந்துகிறது. ஒன்றும் வீணாகவில்லை. கேட்டாயா? ஒரு நாள்கூட வீணாகவில்லை. இனி அதை நினைத்து நீ வருந்திக்கொண்டிருக்கக் கூடாது.

அன்று சாப்பாட்டு மேஜையில் நான் பேசியது திமிர். பதினைந்து வருஷம் முதலாண்டுப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டு, முதல்முறையாக ஆராய்ச்சிக்குப் போகிறோம் என்ற தலைக்கனம். மனசுக்குள் பயம் வேறு. அந்த நேரத்தில் யாராவது ஒரு குறை சொன்னால் எல்லாம் சரிந்துவிடும் என்று இருந்தது. நீ சொல்ல வாயெடுத்தாய், நான் அடக்கிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அண்ணி


ஏப்ரல் 25

அன்புள்ள சில்லுவுக்கு,

பட்டம் கிடைத்துவிட்டது. இதை உன் அண்ணன் நேற்றே சொல்லியிருப்பார். அங்கே என்ன நடந்தது என்பதை மட்டும் உனக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து பேர் குழு. பின்னால் முப்பது பேர் போல மாணவர்கள். முதல் படத்திலேயே பழைய 0.31-ஐப் போட்டு, "இது தவறு. ஏன் தவறு என்பதுதான் என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம்" என்றேன். ஊசியைச் சொன்னேன், வரிசைகள் கூடுவதைச் சொன்னேன், இருநூறும் நாற்பதும் ஒரே கோட்டில் விழுவதைக் காட்டினேன்.

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "இந்த ஊசிகளை இங்க இருபது வருஷமா எல்லாரும் பயன்படுத்துறோம். யாருக்கும் தோணலையே, உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

எனக்குத் தோன்றியதாகச் சொல்லிக்கொள்ள ஒரு விநாடி ஆசை வந்தது. பொய் சொல்லமாட்டேன், வந்தது.

"எனக்குத் தோணலைங்க. என் நாத்தனார் சொன்னா" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். நான் சிரிக்காமல் நின்றதும் தலைவர் நிமிர்ந்தார். "அப்படியா? அவங்க எந்தப் பல்கலைக்கழகம்?"

"எடை மெஷின் பழுது பாக்குறாங்க" என்றேன். "முதல் செல்லை அளக்கிறதுக்கு முன்னாடியே அவங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு. சொல்ல வந்தாங்க. நான் பேச விடலை. அதனால ஒன்பது மாசம் தள்ளிப்போச்சு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தலைவர் குறிப்பேட்டில் என்னவோ எழுதினார். பிறகு, "இதை ஆய்விதழுக்கு அனுப்புற கட்டுரையில அவங்க பேரையும் போடுங்க. நன்றிப் பகுதியில இல்ல, மேல, எழுதினவங்க வரிசையில" என்றார். மேடம் ஏற்கெனவே போட்டிருக்கிறோம் என்றார். உன்னைக் கேட்காமல் போட்டுவிட்டோம். கோபப்படாதே.

மே கடைசியில் வருகிறேன்.

அண்ணி


மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் பட்டறை முகவரிக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். யாரிடமும் சொல்லக்கூடாது என்று இருந்தேன். நான்கு மணிக்குள் முதலாளி, பில் போடுகிற அக்கா, ஒரு மெஷின் வாங்க வந்த கடைக்காரர் உட்பட எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கடைக்காரர், "அப்போ இந்தத் தராசு சரியாத்தான் இருக்கும்" என்று பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார்.

சாயங்காலம் அண்ணனிடம் கொடுத்தேன். சத்தமாகப் படித்தான். "பேச விடலை" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, "அன்னிக்கு நானும் சிரிச்சேன்ல" என்றான். ஆமாம் என்றேன். தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டேன், வேண்டும் என்றுதான். அப்புறம் அழுகை வந்துவிட்டது, எனக்கு. துக்கத்தில் இல்லை. முப்பத்தாறு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வந்து நிற்கும் என்று யார் எதிர்பார்த்தார்கள்? சந்தோஷமாக இருக்கிறது அண்ணி. மூடி மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கட்டுரையில் பேர் போட்டதற்குக் கோபம் இல்லை. ஆனால் பேர் போட்டுவிட்டதால் எனக்கும் பொறுப்பு வந்துவிட்டது. இன்று காலை பல் தேய்க்கும்போது ஒன்று தோன்றியது. அந்த நாற்பது செல் அளந்த பத்து நாளும், செல் இருந்த தட்டின் சூடு ஒரே அளவில் இருந்ததா? என் பெட்டி தொடர்ந்து ஓடினால் லேசாகச் சூடாகும். தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் செல்லும் சூடாகியிருக்கும். அப்படியானால் 0.12-இல் என் பெட்டியின் பங்கும் கொஞ்சம் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

கட்டுரை அச்சுக்குப் போவதற்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள். இந்த முறை தோன்றிய அன்றே எழுதிவிட்டேன்.

சில்லு